சுவர் உண்ட மணச்சீர்

நெல் முதிர்க. நீர் நிறைக. சொல்வோர் நாவும் கேட்போர் செவியும் நடுநிலை பிறழாதிருக்க.

ஏழு குன்றும் நாற்பது ஊரும் உடைய இலந்தை நாட்டை, கணவர் நெடுவளவர் விண்ணுற்றபின் ஒன்பது ஆண்டுகளாகத் தனித்துத் தாங்கிவரும் கொற்றமாதேவியார், மூன்று புறமும் கடலையே மதிலாக உடைய திரைமங்கலத்தின் தலைவரும், திசை தப்பி வந்த கலங்களுக்கெல்லாம் கரையாய் நிற்பவரும், தமக்குச் சம்பந்தியாகவிருப்பவருமாகிய பெருஞ்சாத்தனாருக்கு விடுக்கும் ஓலை. தங்கள் உப்பளங்கள் விளைக. தங்கள் கலங்கள் போன திசையெல்லாம் காற்று உடன்படுக. தங்கள் திருமகனார் இளஞ்சாத்தனார் நோயின்றி நெடிது வாழ்க. இங்கு இளவரசி நறுவல்லியார் நலம். நாடு நலம் என்று எழுதும் வழக்கமான வரியை மட்டும் இம்முறை எழுதவேண்டாம் என்று தேவியார் தடுத்தார்.

தேவியார் திருவாய் மலர்ந்தபடி இதனைப் பொறிப்பவன் ஓலைநாயகம் நல்லன் அரையன். பிழை இருப்பின் எழுத்தாணியினுடையது. பொருள் தேவியாருடையது.

வரும் தைத்திங்கள் வளர்பிறைப் பத்தாம் நாளில் மணம் நிகழும் என்று நாம் வாக்களித்திருந்த வெண்சாந்து மண்டபம் முடியவில்லை. இனி முடியப்போவதும் இல்லை. இதனை ஒரே வரியில் சொல்லிப் பொறுத்தருள வேண்டலாம் என்றனர் அமைச்சருள் சிலர். கொத்தர் கிடைக்கவில்லை என்று காரணம் புனையலாம் என்றனர் வேறு சிலர். தேவியார் இரண்டையும் ஏற்கவில்லை. பெண் கொடுக்கும் வீட்டின் குற்றத்தைப் பெண் எடுக்கும் வீடு ஊரார் வாயால் கேட்கலாகாது என்றும், நடந்ததை நடந்தபடி எழுதுக என்றும், எளியவர் சொன்னதை அரண்மனைச் சொல்லாக மாற்றாமல் அவர் வாயில் வந்தபடியே பொறிக்க என்றும் ஆணையிட்டார். ஆதலின் இவ்வோலையில் தங்கள் அவை கேட்டுப் பழகாத பேச்சும் வரும். முழுவதும் கேட்டபின் சினம் கொள்வதாயின் கொண்டருள்க.

பெண் கேட்டு வந்த தங்கள் தூதர், விருந்தின் முடிவில், திரைமங்கலத்துக் கொலுமண்டபம் சங்குச் சுண்ணத்தால் ஆனதென்றும், அதன் வெண்மை கடலில் வருவோர்க்கு இரண்டு காதத்துக்கு அப்பாலேயே தெரியும் என்றும் சொன்னார். அவர் பெருமையாகச் சொன்னாரேயன்றி எம்மை இகழ்ந்து சொல்லவில்லை. ஆயினும் அது தேவியாருக்குத் தைத்தது. கருங்கல்லும் செங்கல்லுமாய் நிற்கும் தம் கோட்டையை அன்றுதான் அவர் பிறர் கண்ணால் பார்த்தார். மணமக்கள் எதிரே நின்றால் முகம் தெரியும்படி வழுவழுத்த சுவர் எழுப்பி, அதன் நடுவில்தான் மகளைக் கைப்பிடித்துக் கொடுப்பேன் என்று அவையிலே சொல்லிவிட்டார்.

தலைமைக் கொத்தர் பதுமனார் வரவழைக்கப்பட்டார். சுண்ணாம்பைக் கடுக்காய் நீரிலும் கருப்பட்டிப் பாகிலும் ஊறவைத்து, உளுந்து அரைத்த நீர் கூட்டிச் செக்கில் ஆட்டினால் கீழ்ப்பூச்சு ஆகும் என்றும், அதன்மேல் தயிரும் முட்டையின் வெள்ளைக்கருவும் சேர்த்து வெண்ணெய்போல் அரைத்த சாந்தைப் பூசிக் கூழாங்கல்லால் பல நாள் தேய்த்தால் முகம் தெரியும் என்றும் அவர் விளக்கினார். எத்தனை முட்டை வேண்டும் என்று தேவியார் கேட்டார். 

"நாட்டுல உள்ள கோழியெல்லாம் மண்டபத்துக்குத்தான் முட்டையிடணும், தேவி" என்றார் கொத்தர்.

அவை சிரித்தது. தேவியாரும் சிரித்தார்.

நாற்பது ஊருக்கும் ஓலை போயிற்று. வரி என்று கேட்டால் மக்கள் முணுமுணுப்பார்கள் என்று கட்டடக் கண்காணி வேளான் காரி கூறியதால், இளவரசியின் மணச்சீராகக் கேட்கப்பட்டது. சீர் கேட்டால் இல்லை என்று சொல்லும் வழக்கம் எம் நாட்டில் இல்லை. வைக்கோல் பரப்பிய கூடைகளில் முட்டைகள் வந்தன. முட்டை தொடாத வீடுகளிலிருந்து தயிரும் உளுந்தும் வந்தன. பனங்காட்டு ஊர்களிலிருந்து ஓலைக்கொட்டானில் கருப்பட்டி வந்தது. கொண்டுவந்த பெண்கள் மண்டபத்து வாசலில் குலவையிட்டுச் சென்றார்கள். தேவியார் மாடத்திலிருந்து அதைக் கேட்டு மகிழ்ந்தார். தம் மகள்மீது நாட்டுக்கு இவ்வளவு அன்பா என்று வியந்தார்.

அந்தக் கூடைகள் எங்கிருந்து எடுக்கப்பட்டன என்பதை அவர் அப்போது எண்ணவில்லை. எம் குடிகளின் அடுக்களை பெரியதன்று. காலையில் கேழ்வரகுக் கூழும் தயிரும். உச்சியில் சோறும், புளிக்குழம்பு கொதிக்கும்போது அதில் உடைத்து ஊற்றிய முட்டையும். கீரை பறித்த நாளில் முருங்கைக்கீரையோடு மிளகு தட்டிப்போட்டுக் கிளறிய முட்டையும். பெண் பருவமெய்தினால் நல்லெண்ணெயோடு பச்சைமுட்டையும், கருப்பட்டி போட்டுக் கிண்டிய உளுத்தங்களியும். பிள்ளை பெற்றவளுக்கும் அந்தக் களியே மருந்து. பொன் இல்லாத வீட்டிலும் இவை இருந்தன. நம் ஓலை போன பிறகு இவையே இல்லாமற்போயின. சோறும் உப்பும் மிஞ்சின. அடைவைக்க முட்டை இல்லாததால் குஞ்சும் இல்லை. போதாக்குறைக்கு இவ்வாண்டு மழையும் பொய்த்தது. கீரைப்பாத்திகள் வைகாசியிலேயே கருகிவிட்டன. அப்போதும் ஒருவரும் சீரை நிறுத்தவில்லை.

ஆவணித் திங்களில், பொழுது சாயும் வேளையில், ஈயன் என்னும் கூலியாள் சாரத்தின் உச்சியிலிருந்து கீழே விழுந்து இறந்தான். கருவேலம்பாடி என்னும் சிற்றூரைச் சேர்ந்தவன். மனைவியும் ஒரு பெண்குழந்தையும் உடையவன். குடிமயக்கத்தால் வீழ்ந்தான் என்று மறுநாள் கண்காணி ஓலை கொடுத்தார். தேவியார் அதில் முத்திரை இட்டார். குடித்து இறந்தவன் குடும்பத்துக்கு அரண்மனை நெல் அளப்பதில்லை என்பது எம் நாட்டு முறை. அன்று மாலை முத்திரைக்கு வந்த பதினான்கு ஓலைகளில் அதுவும் ஒன்று. அதன்மேல் விரல் வைத்த நேரம் எவ்வளவு என்று பிற்பாடு தேவியார் தம்மைத்தாமே பலமுறை கேட்டுக்கொண்டார்.

ஈயனின் மனைவி பெயர் சேந்தி. அவளும் மண்டபத்திலேயே வேலை செய்தாள். முட்டையை உடைத்து வெள்ளையை ஒரு மிடாவிலும் மஞ்சளை வேறு சட்டியிலும் பிரிப்பது அவள் வேலை. மஞ்சள் சாந்தில் கலந்தால் சுவர் கறைபடும். ஆகையால் மஞ்சட்கருவை அன்றன்றே கொல்லைப்புறக் குழியில் கொட்டிவிட வேண்டும் என்பது கண்காணியின் கட்டளை. வேலையாட்கள் கொண்டுபோகட்டுமே என்று பதுமனார் ஒருமுறை கேட்டதற்கு, மணச்சீரை மணத்துக்குமுன் பிறர் உண்டால் பெண்ணுக்கு ஆகாது என்று கண்காணி விடையிறுத்தாராம். தேவியார் காதுக்கு அது பக்தியுள்ள சொல்லாகவே பட்டது.

புரட்டாசியில் சேந்தி பிடிபட்டாள். சாம்பல் அள்ளும் கூடைக்கு அடியில், துணியால் வாய்கட்டிய கலயம் நிறைய மஞ்சட்கரு இருந்தது. சீரைத் திருடியது அரசகுலத்தின் மங்கலத்தைத் திருடியதாகும் என்பதால், தேவியாரே விசாரணைக்கு அமர்ந்தார்.

திருடினாயா என்று கேட்டார்.

"குழியில கொட்டுறதத்தான் தாயே எடுத்தேன். குழிக்கு என்ன பசியா?"

யாருக்காக எடுத்தாய் என்று தேவியார் கேட்டார்.

"எங்கூர்ப் புள்ளைங்களுக்குத்தான். பொழுது சாஞ்சா கண்ணு அவிஞ்சு போவுது தாயே. விளக்கேத்துற நேரத்துக்கு எதிர்ல நிக்கிற ஆளு தெரியல. எம்புருசனுக்கும் அதேதான். பலகை எங்க முடியுதுன்னு தெரியாமத்தான் கால வச்சாரு. அவரு சாகுற வரைக்கும் நான் கள்ளக் கையால தொட்டதில்ல. அவரு போன பொறவுதான் எனக்குப் பயம் வந்துச்சு. தெனம் ஒரு கலயம் கொண்டுபோயி, புளித்தண்ணியில கலக்கிக் காய்ச்சி, ஊருப் புள்ளைங்க எல்லாத்துக்கும் ஆளுக்கு ஒரு கரண்டி ஊத்துனேன். இப்பம் நல்லாத் தெரியுது அதுகளுக்கு. ஆளவிட்டுப் பாத்துட்டு வரச்சொல்லுங்க."

ஆள் அனுப்பப்பட்டது. கருவேலம்பாடிப் பிள்ளைகள் அந்தியில் கல்லெறிந்து விளையாடிக்கொண்டிருந்தனர் என்று போனவன் வந்து சொன்னான். அப்படியானால் நோய் என்பதே பொய், திருட்டை மறைக்கக் கட்டிய கதை என்று வேளான் காரி வாதிட்டார். உண்டதனால்தானே பார்வை வந்தது என்று அவையில் ஒருவராவது சொல்லியிருக்கலாம். இவ்வோலை எழுதுகிறவனும் அங்கே இருந்தான், அவனும் சொல்லவில்லை. தேவியார் மனத்தில் ஒரு முள் அசைந்தது உண்மை. ஆனால் அவளை நம்பினால் ஈயனைப் பற்றித் தாம் முத்திரையிட்ட ஓலை பொய்யாகும், மண்டப வேலையும் நின்றுபோகும். முள்ளை எடுப்பதைவிட அதன்மேல் துணி போர்த்துவது எளிதாயிருந்தது. சேந்தியை மணநாள் முடியும்வரை கோட்டைச் சிறையில் வைக்கவும், இனி எவரும் எடுக்காதபடி மஞ்சட்குழியில் நாள்தோறும் சுண்ணாம்பு தூவவும் தீர்ப்பளித்தார்.

அந்தக் கடைசி ஆணையைத் தேவியார் இப்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார். இருமுறை சொல்லச்சொல்லி எழுதிக்கொண்டோம்.

ஒரு மண்டலம் கழிந்தது. கார்த்திகைத் தொடக்கத்தில் மண்டபத்தின் கிழக்குச் சுவர் மேற்பூச்சு கண்டது. தேவியார் இளவரசியோடு பார்க்கச் சென்றார். நுழைந்ததும் தம் முகத்தைச் சுவரில் கண்டார். நீருக்குள்ளிருந்து எழுவதுபோல் மங்கலாகவும் அழகாகவும் தெரிந்தது. தாயும் மகளும் அருகருகே நின்று பார்த்து மகிழ்ந்தார்கள். பிறகு சுவரின் மறுகோடிக்கு நடந்தபோது இளவரசி நின்றுவிட்டார். அங்கிருந்து வாயில்வரை, நெஞ்சுயரத்தில், ஒரே கோடாகச் சுவரெங்கும் விரல்தடங்கள். ஈரச்சாந்தில் ஐந்து விரலும் இழுபட்டுப்போன தடங்கள். பெரிய கைகள், சிறிய கைகள், ஒன்றின்மேல் ஒன்றாக.

யார் இதைக் கெடுத்தது என்று தேவியார் சினந்து கேட்டார். பதுமனார் கைகட்டி நின்றார்.

"வேணும்னு கெடுக்கல தேவி. அந்தியில வேல முடிஞ்சு வெளிய போறப்ப பொம்பளைங்களுக்கு வழி தெரியல. சுவரத் தடவிக்கிட்டே வாசலுக்குப் போறாங்க. தெனம் விடியக்காலம் நாங்க தேய்ச்சு அழிக்கிறோம். மறுநாளும் வருது."

தேவியார் அங்கேயே நின்று காத்திருந்தார். பொழுது இறங்கியது. மேற்கில் வெளிச்சம் இன்னும் இருந்தது. மகளின் காதில் தோட்டின் கல் எது என்று பிரித்துச் சொல்லும் அளவுக்கு இருந்தது. சித்தாள் பெண்கள் சும்மாடும் கூடையுமாய்ப் புறப்பட்டார்கள். முன்னால் போனவள் சுவரைத் தொட்டாள். பின்னால் வந்தவள் அவள் தோளைத் தொட்டாள். அவள் தோளை அடுத்தவள். நடுவழியில் நின்ற தேவியாரை ஒருத்தியும் பார்க்கவில்லை. பார்க்காததால் வணங்கவும் இல்லை. ஒருத்தியின் கூடை தேவியாரின் தோளில் இடித்தது. "நகரு தாயீ" என்று சொல்லிவிட்டு அவள் போனாள்.

மறுநாள் மாலை தேவியார் திரையிட்ட சிவிகையில் கருவேலம்பாடி சென்றார். உடன் இளவரசியும் இரு காவலரும். அந்தி வேளையில் எந்த ஊரிலும் பிள்ளைகளின் கூச்சல் கேட்கும். அங்கே கேட்கவில்லை. வீட்டு வாசல்களில் பிள்ளைகள் வைத்த இடத்தில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார்கள். ஒரு குடிசை வாசலில் ஆறு வயதுப் பெண்குழந்தை தனியாக இருந்தாள். சேந்தியின் மகள் குன்றி அவள்தான் என்று அண்டைவீட்டார் சொன்னார்கள். தேவியார் அவள் எதிரே மண்ணில் அமர்ந்தார். அரவம் கேட்டுக் குழந்தை நிமிர்ந்தாள்.

"யாரு? எங்கம்மாவா?"

குழந்தை கையை நீட்டிக் காற்றில் துழாவி, தேவியாரின் முன்கையைப் பிடித்து, மேலும் கீழும் தடவினாள்.

"எங்கம்மா கையில இம்புட்டு வளையல் கெடையாது" என்று கையை விட்டுவிட்டாள்.

இளவரசி தம் மடியிலிருந்து ஒரு வில்லை கருப்பட்டியை எடுத்துக் குழந்தையின் உள்ளங்கையில் வைத்தார். குன்றி அதை மோந்து பார்த்தாள். வாயில் வைக்கவில்லை, திரும்ப நீட்டினாள்.

"வேணாம். இது மண்டபத்துக்குள்ளது. தின்னா அம்மாவப் புடிச்சிட்டுப் போன மாதிரி என்னையும் புடிச்சிட்டுப் போயிருவாங்க."

கோட்டைக்கு வந்ததும் தேவியார் அரண்மனை மருத்துவர் ஆத்திரையனாரை அழைத்து, இது என்ன நோய் என்று கேட்டார். மாலைக்கண் என்றும், ஊணில் சத்து ஒழிந்தால் வருவது என்றும், முட்டையின் மஞ்சளும் ஆட்டீரலும் முருங்கை, பொன்னாங்கண்ணி முதலிய கீரைகளும் உண்டால் பெரும்பாலும் சில நாளில் மீளும் என்றும், நெடுநாள் விட்டால் விழி வெளுத்துப் பார்வை முற்றும் போகும் என்றும் அவர் சொன்னார். ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்க, ஆவணியிலேயே கண்காணியிடம் சொல்லிவிட்டதாகக் கூறினார். கண்காணியைக் கேட்க, மணம் முடிந்தபின் சொல்லலாம் என்று இருந்ததாகவும், தேவியாரின் மகிழ்ச்சியைக் குலைக்க அஞ்சியதாகவும் கூறி அவர் அழுதார்.

வேளான் காரியைத் தண்டிக்க வேண்டும் என்று அவையில் குரல் எழுந்தது. பதவியிலிருந்து நீக்கியதோடு தேவியார் நிறுத்திக்கொண்டார். உண்மை சொன்னவளைச் சிறையில் வைத்த அவையில் உண்மை சொல்ல அஞ்சியவனை மட்டும் எப்படித் தண்டிப்பது என்று கேட்டார். அந்த அச்சத்தை அவனுக்குக் கற்றுக்கொடுத்தது தம் முகமே என்றும் சொன்னார்.

மண்டப வேலை அன்றே நின்றது. களஞ்சியத்தில் இருந்த முட்டைக்கூடைகளும் உளுந்தும் கருப்பட்டியும் ஊர்களுக்குத் திருப்பி அனுப்பப்பட்டன. இங்கே எவரும் எதிர்பாராத இடையூறு ஒன்று வந்தது. பல ஊரார் வாங்க மறுத்தார்கள். கொடுத்த சீரைத் திரும்ப வாங்கினால் மணப்பெண்ணுக்குக் கேடு என்பது அவர்கள் நம்பிக்கை. கண்தெரியாத பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "எங்க கஷ்டம் எங்களோட போவட்டும், அந்தப் புள்ள நல்லா இருக்கணும்" என்று ஒருத்தி கூடையைத் தள்ளிவிட்டாள் என்று கேட்டபோதுதான், விசாரணை நாளில்கூட அழாத தேவியார் அழுதார்.

வழி கண்டவர் இளவரசி நறுவல்லியார். மணத்துக்குமுன் பெண்ணை வீட்டுக்கு அழைத்து விருந்திடுவது எம் குடிகளின் வழக்கம். அரசகுலத்துப் பெண் குடிசைக்கு விருந்துக்குப் போவது வழக்கமன்று. இளவரசி போனார். கூடைகளைத் தம்மோடு எடுத்துச் சென்று, விருந்துக்கு வருபவள் அடுக்களைக்கு வேண்டியதைக் கொண்டுவருவது முறைதானே என்று சொல்லி இறக்கிவைத்தார். ஊர்ப் பிள்ளைகள் உண்டபின்தான் தாம் உண்பதாக உறுதியாய் உட்கார்ந்துகொண்டார். விருந்தாளி பசித்திருக்க எந்த வீடு பொறுக்கும்? அடுப்பு மூண்டது. குழம்பில் முட்டை உடைந்தது. மழை கண்ட ஓர் ஊரில் புதிதாய்த் துளிர்த்த முருங்கையை உருவிப்போட்டுக் கிளறினார்கள். வேறோர் ஊரில், ஆடியில் பருவமெய்தியும் ஒன்றும் கிடைக்காமல் வாடிக்கிடந்த பெண்ணுக்கு, இளவரசியே உரலில் உளுந்து இடித்துக் களி கிண்டினார். முதல் சட்டி அடிப்பிடித்துவிட்டது என்றும், ஊர்ப்பெண்கள் அதைச் சொல்லிச்சொல்லிச் சிரித்தார்கள் என்றும் உடன்சென்றவர் கூறினர். இருபத்தாறு ஊர் முடிந்துள்ளது. இன்னும் பதினான்கு உண்டு. தங்கள் மருமகளாகவிருப்பவர் வெயிலில் கறுத்தும் கையில் அடுப்புச்சூட்டுத் தழும்போடும் இருப்பதை மணநாளில் காண்பீர்கள். அதனைக் குறையாகக் கருதின் இப்போதே அறிவித்தருள்க.

சேந்தி விடுவிக்கப்பட்டாள். தேவியார் அவளைத் தம் எதிரே இருக்கையில் அமரச் சொன்னார், அவள் அமரவில்லை. தாம் செய்தது தவறு என்று தேவியார் அவை நடுவே சொன்னார். நிலமும் கறவைப்பசுவும் ஈயன் குடும்பத்துக்கு ஆண்டுதோறும் நெல்லும் அளிப்பதாகச் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு,

"குடுக்கிறது உங்க இஷ்டம் தாயே. நான் கேக்கிறது ஒண்ணுதான். எம்புருசன் குடிச்சு விழுந்தாருன்னு ஓலையில எழுதி வச்சிருக்கீங்களாம். எம்மவ பெரியவளாகி யாராச்சும் அதப் படிச்சுக் காட்டுனா என்ன செய்வா? அத அழிச்சிருங்க" என்றாள்.

அவ்வோலை கொண்டுவரப்பட்டு அவள் கண்முன்னே நெருப்பில் இடப்பட்டது. எரிவதை முழுவதும் நின்று பார்த்துவிட்டு அவள் ஊருக்குப் போனாள். தேவியாரை மன்னித்ததாக அவள் சொல்லவில்லை. தேவியாரும் கேட்கவில்லை.

குன்றிக்குப் பார்வை மீண்டது. கருவேலம்பாடிப் பிள்ளைகள் எல்லோருக்கும் மீண்டது. அவர்களுக்கு மஞ்சட்கரு நின்றிருந்தது ஒரு மண்டலமே. ஆனால் மேலைக்குன்றத்து அடிவாரத்தில், நம் சீரை ஒருநாளும் தவறாமல் அனுப்பிய ஊரொன்றில், இரு பிள்ளைகளின் விழி முன்பே வெளுத்துவிட்டது. ஆத்திரையனார் அங்கேயே தங்கிப் பார்த்துவருகிறார். அவர் நம்பிக்கை தரவில்லை. அந்த இருவரையும் தேவியார் சென்று கண்டார். அவர்கள் வீட்டில் என்ன பேசினார் என்பதை எழுதவேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

ஆகவே, பெருஞ்சாத்தனாரே, கேட்டருள்க. மண்டபம் பாதிச் சுவரோடு நிற்கிறது. அதை இடிக்கவும் இல்லை, மேற்கொண்டு பூசவும் போவதில்லை. மணம் கோட்டை முற்றத்தில் தென்னங்கீற்றுப் பந்தலில் நடக்கும். விருந்து அரண்மனை அடுக்களையில் ஆகாது. நாற்பது ஊர்ப் பெண்களும் அரண்மனைக் களஞ்சியத்துப் பொருளைப் பெற்றுத் தத்தம் வீட்டில் சமைத்துக் கொண்டுவந்து படைப்பார்கள். தாங்கள் வாக்கை நம்பிச் சுற்றத்தாரை அழைத்திருப்பீர்கள், அவர்கள் நகைக்கக்கூடும். நாம் கொடுத்த வாக்கை நாமே மீறினோம் என்று தாங்கள் மணத்தை விலக்கினாலும் அது முறைகேடாகாது. அதனால் இரு நாட்டுக்கும் இடையே பகை மூளாது என்பதற்கு இம்முத்திரையே உறுதி. வருவதாயின், இளஞ்சாத்தனாரோடு பகற்பொழுதிலேயே எல்லை கடந்து வந்தருள்க. எம் நாட்டு வழிகாட்டிகள் சிலருக்கு இன்னும் அந்தியில் கண் தெளியவில்லை.

இனி எம் அதிகாரிகளுக்கு ஆணை. இவ்வோலைக்கு நாற்பது படி எடுத்து நாற்பது ஊர் மன்றிலும் வாசிக்க. ஒரு வரியும் விடாது வாசிக்க. இனி எந்த மங்கலத்தின் பெயராலும் குடிகளின் அடுக்களையிலிருந்து ஒரு முட்டையும் ஒரு பிடி உளுந்தும் கேட்கப்படாது. கேட்பவர் எம் குலத்தவரேயாயினும் குடிகள் மறுக்கக்கடவர்.

இலந்தைக்கோட்டையில், தேவியார் ஆட்சியாண்டு ஒன்பது, மார்கழித்திங்கள் மூன்றாம் நாள் எழுதியது. அறிந்தோர், மருத்துவர் ஆத்திரையனார், தலைமைக் கொத்தர் பதுமனார். இளவரசி நறுவல்லியார், ஊர்விருந்துக்கு நடுவே ஒருநாள் கோட்டைக்கு வந்திருந்தபோது, தாமே படித்துத் தம் கையால் ஒப்பமிட்டார்.

தன் வீட்டுச் செய்தி இதில் இருப்பதால் சேந்தியின் இசைவு பெறவேண்டும் என்று தேவியார் விரும்பினார். ஆகையால் முத்திரையிடுமுன் இவ்வோலை கருவேலம்பாடிக்குக் கொண்டுசெல்லப்பட்டு அவளுக்கு இருமுறை வாசிக்கப்பட்டது. எழுத்தறியாள் ஆதலின் அவள் கீறல் இட்டாள். இடுமுன் ஓரிடத்தில் நிறுத்தச்சொன்னாள். ஈயன் சாரத்தின் உச்சியிலிருந்து கால் தவறி விழுந்தான் என்று நாம் முதலில் எழுதியிருந்தோம்.

"கால் தவறலங்க ஐயா" என்றாள். "அவரு சரியாத்தான் வச்சாரு. அங்க பலகைதான் இல்ல."

கால் தவறி என்னும் சொற்கள் நீக்கப்பட்டன. தேவியார் மறுபடி முழுவதும் கேட்டு, முத்திரை இட்டார்.